இரண்டு வருடமாகப் பெட்டைகள் மட்டும்தான்; இப்போது சேவல் விடலாமா, எதை விடுவது?

கொல்லைப்புறம் (ஈரோடு மாவட்டம்)

எல்லோருக்கும் வணக்கம். வீட்டுக்குப் பின்னால் ஐந்து சென்ட் இடத்தில் ஒன்பது கோழிகள் வைத்திருக்கிறேன். ஆறு சிறுவிடை (சின்ன உடம்பு நாட்டுக்கோழி), மூன்று கிராமப்பிரியா (முட்டைக்கான ரகம்), எல்லாமே பெட்டை. முட்டைக்காக மட்டும் வளர்த்ததால் சேவல் தேவைப்படவில்லை. இப்போது ஒரு சிறுவிடை திரும்பத் திரும்ப அடையில் உட்காருகிறது. அடியில் ஒன்றுமே இல்லாமல் தீனியைக் குறைத்துக்கொண்டு இளைத்துக் கிடப்பதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. ஒரு ஈடு குஞ்சு பொரிக்க வைக்கலாம் என்று ஆசை.

இரண்டு சேவல் கிடைக்கும் வாய்ப்பு இருக்கிறது. ஒன்று மாமா தோட்டத்தில் உள்ளது. அசில் கலப்பு, ஒன்றரை வயது, நாலு கிலோ இருக்கும், பார்க்கவே அவ்வளவு கம்பீரம். இன்னொன்று பக்கத்துத் தெருவில் ஐந்து மாதச் சிறுவிடைச் சேவல், இப்போதுதான் அரைகுறையாகக் கூவப் பழகுகிறது.

என் கூட்டத்தில் கறுப்பி என்று ஒரு பெட்டை இருக்கிறாள். தீனித் தட்டில் அவள் வாய் வைத்த பிறகுதான் மற்றவை வரும். இவ்வளவு நாள் அவள் ராஜ்ஜியமாக இருந்த இடத்தில் திடீரென்று சேவலை விட்டால் என்ன நடக்கும்? எதை எடுப்பது, எப்படிச் சேர்ப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தோட்டக்காடு (புதுக்கோட்டை)

சேவலை வாங்கி வந்து, ராத்திரி எல்லாம் அடைந்த பிறகு கூட்டுக்குள் விட்டுவிடுங்கள். காலையில் ஒன்றாக வெளியே வரும். எங்கள் ஊரில் காலங்காலமாக இப்படித்தான். இரண்டு நாள் கொத்திக்கொள்ளும், அப்புறம் சரியாகிவிடும். சேவல் என்றால் எடுப்பாக இருக்க வேண்டும், பெரியதையே எடுங்கள்.

மாடித்தோட்டம் (தாம்பரம்)

ஒரு ஈடு குஞ்சு மட்டும்தான் வேண்டும் என்றால் தெரிந்தவர்களிடம் கருமுட்டை வாங்கி அந்தப் பெட்டைக்கு வைத்துவிடலாமே? முட்டையிட சேவல் தேவையில்லை, உங்களுக்கே தெரியும். சேவல் வந்தால் கூவும் சத்தமும் சேர்ந்தே வரும். பக்கத்து வீடு எவ்வளவு தூரம்?

கொல்லைப்புறம் (ஈரோடு மாவட்டம்)

அதையும் யோசித்தேன். ஆனால் என் சிறுவிடைகளின் வம்சமே தொடர வேண்டும் என்று விருப்பம். ஒரு பக்கம் வீடு, இரண்டு பக்கம் வயல். அந்த வீட்டுப் பாட்டியிடம் கேட்டுவிட்டேன், சேவல் சத்தம் கேட்டு எத்தனை வருஷமாச்சு, விடு கண்ணு என்றார்கள்.

வைகைக்கரை (மதுரை)

தங்கச்சி, அந்தப் பெரியதை எடுக்காதீர்கள். காரணத்தைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

சிறுவிடைப் பெட்டை ஒன்று, ஒன்றேகால் கிலோ இருக்கும். அதன் மேல் நாலு கிலோ சேவல் ஏறி மிதித்தால் முதுகு இறகு உதிரும், தோல் கிழியும், காலில் முள் வளர்ந்த சேவலாக இருந்தால் விலாவில் குத்திப் பெட்டையே போய்விடவும் கூடும். இனக் கலப்பு அப்புறம்தான். எடைப் பொருத்தத்தை முதலில் பாருங்கள்.

அடுத்தது குணம். அசில் ரத்தம் என்றாலே கெட்டது என்று சொல்லமாட்டேன். நானே வைத்திருக்கிறேன், பெட்டைகளிடம் அவ்வளவு பொறுமையான சேவல்களும் அதில் உண்டு. ஆனால் சண்டைக்கென்று தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்த வம்சத்தில், எதிர்த்து நிற்கும் எதையும் விடாமல் அடிக்கும் குணம் வேரோடி இருக்கும். உங்கள் கறுப்பி ஒதுங்கிப்போகிற ஆள் இல்லை. அவள் நிமிர்ந்து நின்றால் அது சண்டையை நிறுத்தாது.

சேவலை அழகு பார்த்து எடுப்பதை நாம் விடவேண்டும். நடத்தையைப் பாருங்கள். எந்தச் சேவலை எடுப்பதாக இருந்தாலும் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் அது மேயும் இடத்துக்குப் போய் ஒரு கைப்பிடி கம்பு வீசிவிட்டு ஓரமாக நில்லுங்கள். நல்ல சேவல் உடனே தின்னாது. கழுத்தைத் தாழ்த்தி ‘குக் குக் குக்’ என்று வேகமாகக் கூப்பிடும். ஒரு மணியைக் கொத்தி எடுத்து, கீழே போட்டு, மறுபடி எடுத்துக் காட்டும். பெட்டைகள் ஓடி வந்து தின்னும்வரை அதன் வாய்க்குள் ஒன்றும் போகாது. அதுதான் உங்கள் சேவல். கம்பு விழுந்ததும் தானே குனிந்து விழுங்கிக்கொண்டு, கிட்டே வரும் பெட்டையைக் கொத்தி விரட்டுகிறதா, எவ்வளவு அழகாக இருந்தாலும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

பெட்டைகள் அதைப் பார்த்து எப்படி நடக்கின்றன என்பதையும் கவனியுங்கள். அது கிட்டே வந்ததும் நாலாபுறமும் சிதறி ஓடினால் அந்த இடத்தில் தினமும் நடப்பது உங்களுக்கே புரிந்துவிடும்.

ஐந்து மாதச் சேவலைப் பொறுத்தவரை, அது இன்னும் விடலை. உங்கள் இரண்டு வயதுப் பெட்டைகளிடம் நன்றாக வாங்கும். அது நல்லதற்குத்தான். மூத்த பெட்டைகள் நடுவில் அடங்கி வளர்ந்த சேவல் பிற்பாடு மரியாதை தெரிந்த சேவலாக இருக்கும். அதன் உடம்பு முழுமையாகத் தேற இன்னும் இரண்டு மூன்று மாதம் ஆகும், அவ்வளவுதான். என் ஓட்டு அதற்கே.

ராத்திரி கூட்டுக்குள் விடுவது பற்றித் தோட்டக்காடு அண்ணன் சொன்னது கடைசிப் படியாக இருந்தால் ஒத்துக்கொள்வேன். முதல் படியாக இருக்கக்கூடாது.

கொல்லைப்புறம் (ஈரோடு மாவட்டம்)

ரொம்ப நன்றிங்க அண்ணா. இரண்டு இடத்துக்கும் போய்க் கம்பு வீசிப் பார்த்துவிட்டேன். மாமா தோட்டத்துச் சேவல் நீங்கள் சொன்ன இரண்டாவது ரகம். தட்டை முழுவதும் மறித்துக்கொண்டு நின்றது, ஒரு பெட்டையின் கொண்டையைப் பிடித்து இழுத்தே விட்டது. பக்கத்துத் தெருச் சேவல் இன்னும் சரியாகக் கூப்பிடத் தெரியாமல் திணறியது, ஆனால் யாரையும் விரட்டவில்லை. சின்னதையே எடுப்பதாக முடிவு. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவரப் போகிறேன். நேராகப் பஞ்சாரத்தில் போட்டுக் கோழிகளுக்குப் பக்கத்தில் வைத்துவிடலாமா?

ஓய்வுபெற்ற ஆய்வாளர் (நாமக்கல்)

நேராக வேண்டாம் அம்மா. கால்நடைத் துறையில் இருந்தவன் என்ற முறையில் இதை வலியுறுத்திச் சொல்கிறேன். சண்டையில் சாகும் கோழியைவிட, புதிதாக வந்த ஒன்று கொண்டுவந்த நோயில் கூண்டோடு போகும் கோழிகள்தான் அதிகம்.

சேவலைக் குறைந்தது மூன்று வாரம், முடிந்தால் நாலு வாரம், வீட்டின் மறுபக்கம் தனியாக வையுங்கள். இருவர் தீனித் தட்டும் தண்ணீர்த் தட்டும் ஒன்றாகக் கூடாது. தினமும் முதலில் உங்கள் கோழிகளுக்குத் தீனி வையுங்கள், அதன் பிறகு சேவலிடம் போங்கள். சேவலிடம் போக ஒரு தனிச் செருப்பு இருக்கட்டும், திரும்பி வந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

ஏன் மூன்று வாரம் என்றால், ராணிக்கெட் என்கிற வெள்ளைக்கழிச்சல் உடம்புக்குள் நுழைந்து வெளியே தெரிய இரண்டு நாளும் ஆகலாம், பதினைந்து நாளும் ஆகலாம். முதல் வாரம் துள்ளிக்கொண்டிருந்த கோழி அடுத்த வாரம் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து முறுக்கி விழும். அதற்குள் கூட்டத்தில் சேர்த்திருந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை. அதற்கு மருந்து கிடையாது, தடுப்பூசி மட்டும்தான்.

எட்டு வாரம் தாண்டிய கோழிக்கு இறக்கையில் போடும் ஊசி அரசு கால்நடை மருந்தகத்தில் கிடைக்கும். பிப்ரவரி மாதத்தில் ஊர் ஊராக முகாமும் நடக்கும். ஒரு குப்பி மருந்து வழக்கமாக நூறு கோழிக்கு உரியது. கலக்கிவிட்டால் ஐஸில் வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். அதனால் தெருவில் கோழி வைத்திருக்கும் எல்லோரையும் சேர்த்துக்கொண்டு ஒரே நாளில் போட்டுவிடுங்கள். ஊசி போட்ட பிறகு உங்கள் பெட்டைகளுக்கு முட்டை சில நாள் குறையும், பயப்பட வேண்டாம். ஊசி வேலை செய்ய எப்படியும் இரண்டு வாரம் ஆகும், அதுவும் இந்தத் தனிவாசத்திலேயே கழிந்துவிடும்.

வந்த அன்றே சேவலைப் பிடித்து மடியில் வைத்து, வாலுக்கு அடியில் எச்சம் போடும் துளையைச் சுற்றியுள்ள இறகைப் பிரித்துப் பாருங்கள். இறகுத் தண்டின் அடியில் சர்க்கரை ஒட்டியதுபோல் வெள்ளை வெள்ளையாகக் கட்டியிருந்தால் அது பேன் முட்டை. தோலில் வைக்கோல் நிறத்தில் பூச்சி ஓடும். அடுத்துக் காலைப் பாருங்கள். செதில்கள் வழுவழுப்பாகப் படிந்திருக்க வேண்டும். தூக்கிக்கொண்டு சொரசொரவென்று சாம்பல் பூத்திருந்தால் உள்ளே செதில் பூச்சி இருக்கிறது என்று அர்த்தம். காலை வெந்நீரில் கழுவித் துடைத்து, வேப்பெண்ணெய் தொடர்ந்து தடவி வாருங்கள். மூக்கில் சளி, கண்ணில் நுரை, தும்மல் இருந்தால் வாங்கவே வாங்காதீர்கள். அந்தச் சளி நோய் அடங்கின பிறகும் கோழி அதைச் சுமந்துகொண்டே திரியும்.

குடற்புழு மருந்தை மருத்துவரிடம் அளவு கேட்டுக் கொடுத்துவிடுங்கள்.

தோட்டக்காடு (புதுக்கோட்டை)

ஆய்வாளர் ஐயா சொல்வதை மறுக்கமாட்டேன், வெள்ளைக்கழிச்சலில் ஊரே காலியானதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் வீட்டுக்கோழிக்கு இவ்வளவு தூரம் செய்ய எல்லோராலும் முடியுமா?

ஓய்வுபெற்ற ஆய்வாளர் (நாமக்கல்)

ஒரு பஞ்சாரமும் ஒரு தட்டும் போதும் தம்பி. செலவு என்று பார்த்தால் அவ்வளவுதான். பஞ்சாரத்தைத் தினமும் இடம் மாற்றிக் கவிழ்த்தால் போதும், எச்சம் ஒரே இடத்தில் சேராது.

கிளுவை வேலி (யாழ்ப்பாணம்)

எங்கட பக்கத்திலும் ஊர்க்கோழிதான் கூட. ராத்திரியில் பஞ்சாரத்தில் விடாதீர்கள், மரநாயும் கீரியும் கிளப்பிவிடும். தனியாக இருக்கிற சேவலைத்தான் முதலில் பிடிக்கும். இரவுக்குக் கம்பி வலை அடித்த மரப்பெட்டி ஏதாவது பாருங்கள். கோழிவலை ஓட்டை பெரிதாக இருந்தால் பாம்பும் நுழையும்.

தனிமை முடிந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்கும். சேவலைப் பெட்டிக்குள் வைத்து, பேடுகள் (பெட்டைகள்) மேயும் இடத்தின் நடுவிலேயே வையுங்கள். வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே நேரத்தில் தீனி போடுங்கள். பார்த்துக்கொண்டே தின்னட்டும். முதல் நாள் பேடுகள் கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு வலையைக் கொத்தும். ஒரு கிழமைக்குள் (ஒரு வாரத்துக்குள்) பக்கத்திலேயே மண் குளித்துக்கொண்டு படுத்திருக்கும். அப்படிப் படுக்கிற நாள் வரும்வரைக்கும் திறக்கக்கூடாது. நாளை எண்ண வேண்டாம், அதைத்தான் பார்க்க வேண்டும்.

அடையில் இருக்கிற பேட்டுக்கோழியை அந்த நேரத்தில் கூட்டத்தோடு விடாதீர்கள். அடைக்கோழிக்குக் கோபம் அதிகம், தேவையில்லாத சண்டை வரும்.

கொல்லைப்புறம் (ஈரோடு மாவட்டம்)

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். சேவல் வந்துவிட்டது. பேன் இருந்தது, சாம்பலும் வேப்பம்புண்ணாக்குத் தூளும் கலந்து மண்குளியல் குழி வெட்டிக் கொடுத்திருக்கிறேன். தெருவில் நாலு வீட்டாரையும் கூட்டி ஊசியும் போட்டாயிற்று.

இதற்கிடையில் ஒரு சந்தேகம். பெட்டைகளுக்கு முட்டைக்கோழித் தீவனம் கொடுக்கிறேன். சேவலும் அதையே தின்னலாமா?

ஓய்வுபெற்ற ஆய்வாளர் (நாமக்கல்)

முட்டைக்கோழித் தீவனத்தில் ஓடு கெட்டிப்பட வேண்டும் என்பதற்காகச் சுண்ணாம்புச் சத்து மூன்றரை சதவீதத்துக்கு மேல் இருக்கும். முட்டையிடாத சேவல் மாதக்கணக்கில் அதையே தின்றால் சிறுநீரகம் கெடும். எல்லோருக்கும் வளரும் கோழித் தீவனமும் கம்பு, அரிசி நொய்யும் கொடுத்துவிட்டு, உடைத்த கிளிஞ்சலைத் தனிச் சட்டியில் வையுங்கள். பெட்டை தனக்கு வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளும், சேவல் அந்தப் பக்கம் அவ்வளவாகப் போகாது. மேய்ச்சல் இருக்கும் இடத்தில் இது பெரிய பிரச்சினை இல்லை.

கொல்லைப்புறம் (ஈரோடு மாவட்டம்)

தனிவாசம் நல்லபடியாக முடிந்தது. வலைப்பெட்டியை நடுவில் வைத்து, யாழ்ப்பாணத்து நண்பர் சொன்னபடி பக்கத்தில் படுக்கும்வரை காத்திருந்தேன். நேற்று சாயங்காலம் திறந்துவிட்டேன்.

திறந்ததும் சேவல் வெளியே வந்து ஒரு இறக்கையை மட்டும் தரையில் உரசுகிற மாதிரி தாழ்த்திக்கொண்டு ஒரு கிராமப்பிரியாவைச் சுற்றிப் பக்கவாட்டில் ஆடியது. கறுப்பி எங்கிருந்தோ பறந்து வந்து நெஞ்சோடு மோதினாள். கொண்டையில் இரண்டு கொத்து. சேவல் ஓடிப்போய் வேலியோரம் நின்றது. இன்று காலையிலும் அது தீனிக்கு வந்தால் விரட்டுகிறாள், கூட இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொள்கிறார்கள். பாவமாக இருக்கிறது. பிரித்துவிடவா?

மாடித்தோட்டம் (தாம்பரம்)

பிரித்துவிடுங்கள். மூன்று பேர் சேர்ந்து அடித்தால் அது தாங்காது.

தோட்டக்காடு (புதுக்கோட்டை)

பிரித்தால் மறுபடி முதலில் இருந்து தொடங்க வேண்டும். ஒருமுறை தள்ளி நின்று பார்த்துவிட வேண்டியதுதான்.

வைகைக்கரை (மதுரை)

இந்த இடத்தில் தோட்டக்காடு அண்ணனோடு நிற்கிறேன், ஆனால் கண்ணைக் கொண்டுபோய் அங்கேயே வைத்திருக்க வேண்டும்.

கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை இருக்கிறது. நார்வே நாட்டு ஷெல்டெருப்-எப்பே சின்ன வயதிலிருந்தே வீட்டுக் கோழிகளைப் பார்த்துப் பார்த்துக் குறித்துவைத்து, 1920-களின் தொடக்கத்தில் அதை ஆய்வாகவே எழுதினார். புதிதாக ஒன்று வந்தால் அந்த வரிசை முழுவதும் கலைந்து மறுபடி அடுக்கப்பட வேண்டும். அதற்குத்தான் இந்தக் கொத்து. நீங்கள் நடுவில் புகுந்து சேவலைத் தூக்கிக்கொண்டு போனால் அந்தக் கணக்கு தீராமலே நிற்கும்.

விரட்டுவது, கொண்டையில் ஓரிரு கொத்து, ஒரு இறகு பிடுங்குவது, இதெல்லாம் நடக்கட்டும். ரத்தம் வழிந்தால் உடனே பிரியுங்கள். சிவப்பைக் கண்டால் கோழிகள் அந்த இடத்தையே கொத்திக் கொன்றுவிடும். மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசி, காயம் ஆறி நிறம் மங்கிய பிறகு விடுங்கள். ஒரு நாள் முழுவதும் தீனி, தண்ணீர் இல்லாமல் மூலையில் ஒடுங்கியிருந்தாலோ, கொண்டை கறுத்து நீலம் பாய்ந்தாலோ அப்போதும் பிரிக்க வேண்டும்.

இன்றே செய்யவேண்டியது, தீனித் தட்டை மூன்றாக்குங்கள். ஒன்றில் நின்றால் மற்றது கண்ணில் படக்கூடாது. கறுப்பியால் மூன்று இடத்திலும் காவல் நிற்க முடியாது. ஒரு பழைய பலகையைச் சுவரில் சாய்த்து வையுங்கள். சேவல் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே ஓட வழி இருக்க வேண்டும், முட்டுச்சந்தாக இருக்கக்கூடாது. கூட்டுக்குள் தனிக் கம்பு ஒன்று கட்டி, நன்றாக இருட்டிய பிறகு நீங்களே தூக்கி அதில் உட்கார வையுங்கள். விடியற்காலையில் நீங்களே எழுந்து போய்க் கதவைத் திறக்க வேண்டும். அடைத்த கூட்டுக்குள் ஓட இடமில்லாமல் நடக்கும் சண்டைதான் உயிரைக் குடிக்கும்.

அப்படியும் தணியவில்லை என்றால் சேவலை எடுக்காதீர்கள், கறுப்பியை எடுங்கள். அவளை மூன்று நாலு நாள் கண்ணில் படாமல் வேறு இடத்தில் வைத்தால் திரும்பி வரும்போது அவள்தான் புது ஆள்.

கொல்லைப்புறம் (ஈரோடு மாவட்டம்)

தட்டுகளைப் பிரித்ததிலேயே பாதி அடங்கிவிட்டது. கறுப்பியை வேறு இடத்தில் அடைக்கவேண்டி வரவில்லை. நேற்று மத்தியானம் நடந்ததைச் சொல்லியே ஆகவேண்டும். வயல் பக்கமிருந்து ஒரு பருந்து தாழ வந்தது. சேவல் நீளமாக ஒரு கீச்சுக் குரல் கொடுத்தது, இதுவரை நான் கேட்காத குரல். கறுப்பி உட்பட அத்தனையும் செம்பருத்திப் புதருக்குள் போய்விட்டன, சேவல் மட்டும் தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. அதற்குப் பிறகு கறுப்பி அதைக் கொத்துவதைக் காணோம்.

கிளுவை வேலி (யாழ்ப்பாணம்)

வானத்தில் வருகிறதற்கு ஒரு குரல், நாய், கீரி மாதிரி தரையில் வருகிறதற்கு வேறு குரல். கேட்டுப் பழகினால் வீட்டுக்குள் இருந்தே உங்களுக்கும் தெரியும். வடிவான சேவல் கிடைத்திருக்கிறது.

மாடித்தோட்டம் (தாம்பரம்)

கூவும் நேரம் எப்படி? என் நண்பர் ஒருவர் கூட்டை இருட்டாக மூடினால் கூவாது என்கிறார்.

வைகைக்கரை (மதுரை)

முழுதாக நம்ப வேண்டாம். ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் 2013-இல் ஒரே மங்கல் வெளிச்சத்தில் சேவல்களை வைத்துப் பார்த்தார்கள். விடிந்ததா இல்லையா என்று தெரியாமலே அவை விடியும் நேரத்துக்குக் கூவின. உடம்புக்குள்ளேயே கடிகாரம் ஓடுகிறது. கூட்டை இருட்டாக்கினால் கூவுவது கொஞ்சம் தள்ளிப்போகலாம், அவ்வளவுதான். கழுத்தில் பட்டை கட்டிக் குரலை அமுக்குவதை மட்டும் யாரும் செய்யாதீர்கள், மூச்சு முட்டும்.

கொல்லைப்புறம் (ஈரோடு மாவட்டம்)

இரண்டு மாதம் கழித்து வருகிறேன். சேவல் தேறிவிட்டது, பெட்டைகள் இப்போது அதைக் கண்டால் இறக்கையை விரித்துக் குந்துகின்றன. முதன்முதலில் கழுத்து இறகைப் பிடித்து ஏறியதைப் பார்த்து அடிக்கிறது என்று நினைத்து என் மகன் கத்திக்கொண்டு ஓடி வந்தான். சில நொடிதான், பெட்டை எழுந்து உடம்பை உதறிக்கொண்டு மேயப் போய்விட்டது.

முட்டையில் கரு இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அடை வைத்துவிட்டு ஏமாற விருப்பமில்லை.

ஓய்வுபெற்ற ஆய்வாளர் (நாமக்கல்)

சமையலுக்கு உடைக்கும் முட்டையிலேயே பாருங்கள். மஞ்சள் கருவின் மேல் ஒரு வெள்ளைப் புள்ளி எல்லா முட்டையிலும் இருக்கும். கரு கூடாத முட்டையில் அது சின்னதாக, ஒழுங்கற்ற வெள்ளைத் துணுக்காக இருக்கும். கரு கூடிய முட்டையில் அதைச் சுற்றி வட்டமாக ஒரு வளையம், நடுவில் தெளிவாக இருக்கும். தொடர்ந்து உடைக்கும் முட்டைகளில் வளையம் தெரிந்தால் அடை வைக்கலாம். ஒரு பெட்டை ஒருமுறை இணைந்தாலே விந்தை உடம்புக்குள் சேமித்து வைத்து இரண்டு வாரம் வரை கருமுட்டை இடும், அதனால் தினமும் இணைய வேண்டும் என்று இல்லை. ஒன்பது பெட்டைக்கு ஒரு சேவல் சரியான கணக்கு.

அடை வைக்க எடுக்கும் முட்டை ஏழு நாளுக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது. ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், கூர்முனை கீழே இருக்கும்படி அரிசியில் நட்டு வையுங்கள். சிறுவிடையின் உடம்புக்குப் பத்து முட்டை போதும், வெளியே துருத்திக்கொண்டிருக்கும் முட்டை சூடு பிடிக்காது.

கொல்லைப்புறம் (ஈரோடு மாவட்டம்)

வளையம் தெரிந்தது. பத்து முட்டை வைத்தேன். ஏழாம் நாள் இருட்டறையில் கைபேசி விளக்கில் பார்த்தேன், இரண்டைத் தவிர எல்லாவற்றிலும் சிலந்தி வலை மாதிரி சிவப்பு நரம்பு. இன்னும் இரண்டு வாரம். குஞ்சு வந்ததும் சேவலைப் பிரிக்க வேண்டுமா?

வைகைக்கரை (மதுரை)

அந்த இரண்டையும் எடுத்துவிடுங்கள், அழுகி வெடித்தால் மற்றதும் கெடும். பெரும்பாலும் சேவல் குஞ்சை ஒன்றும் செய்யாது, கிட்டே போனாலும் தாய் விடமாட்டாள். முதல் வாரம் தாயையும் குஞ்சையும் பஞ்சாரத்தில் வையுங்கள். அது சேவலுக்காக இல்லை, காக்கைக்கும் மற்றப் பெட்டைகளுக்கும்தான்.

ஒன்றை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். இந்த ஈட்டில் வரும் சேவல் குஞ்சுகளை நாலு மாதத்தில் வெளியே கொடுத்துவிட வேண்டும். ஐந்து சென்ட் இடத்தில் இரண்டாவது சேவல் தங்காது. பெட்டைக் குஞ்சுகள் முட்டைக்கு வந்த பிறகு அவற்றிலிருந்து அடை வைப்பதாக இருந்தால், அதற்கு முன்பே வேறு ஊர்ச் சேவலாக மாற்றிக்கொள்ளுங்கள். தகப்பனோடு சேர்ந்த ஈடு நோஞ்சானாக வரும், பொரிப்பும் குறையும்.

தோட்டக்காடு (புதுக்கோட்டை)

மாற்றும்போது சொல்லுங்கள் தங்கச்சி. என்னிடம் நல்ல சிறுவிடைச் சேவல் ஒன்று வளர்கிறது, கம்பு வீசிப் பார்த்தாயிற்று, கூப்பிட்டுக் கொடுத்துவிட்டுத்தான் தின்கிறது. ஊசியும் போட்டே அனுப்புகிறேன்.